நிம்மதிக்கு ஒரு காப்ஸ்யூல்

புதுச்சேரியில் பிள்ளை வளர்த்த எவருக்கும் 'நல்ல பாக்டீரியா' புதிய சங்கதி இல்லை. வயிற்றுப்போக்கு என்று போய் நின்றால் மருந்துக்கடைக்காரர் ஓஆர்எஸ் பொட்டலத்தோடு எண்டரோஜெர்மினா குப்பி ஒன்றையும் எடுத்து வைப்பார். ஆன்டிபயாடிக் எழுதிய சீட்டின் கடைசி வரியில் ஸ்போர்லாக்கோ எகோநார்மோ இருக்கும். இப்போது அதே அலமாரியில் வேறொரு வகைப் பெட்டிகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. வயிற்றைப் பற்றிய பேச்சு அவற்றில் குறைவு. மன அமைதி, நல்ல தூக்கம், அன்றாட மன அழுத்தத்திலிருந்து விடுதலை என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்து. ஓரத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கானது அல்ல என்று விதிப்படி ஒரு பொடி எழுத்து. காலையில் எழுந்து வேலைக்குப் போய், பிள்ளையின் ஃபீஸையும் மாமியாரின் சர்க்கரையையும் நினைத்து ராத்திரி புரண்டு படுக்கிற, மற்றபடி எந்த நோயும் இல்லாத ஆளைத்தான் இந்தப் பெட்டிகள் தேடுகின்றன.

காந்தி வீதியில் ஒரு கடையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். துணிக்கடையில் வேலை என்பது கழுத்தில் தொங்கிய அட்டையிலிருந்து தெரிந்தது.

"அண்ணே, டென்ஷனுக்கு ஏதோ தயிர்லேர்ந்து எடுத்த மாத்திரையாமே. யூடியூப்ல சொல்றாங்க. தூக்க மாத்திரை மாரி பழகிடுமா?"

"பழகாதுக்கா. ஆனா ஒரு மாசமாச்சும் சாப்புடணும். ரெண்டு நாள்ல ஒண்ணும் தெரியாது."

அவர் பெட்டியைத் திருப்பி விலையைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பத்து மட்டும் வெட்டிக் குடுங்க" என்றார். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார்.

அந்தப் பத்துக் காப்ஸ்யூல்களால் அவருக்கு என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு மாதம், இரண்டு மாதம் தொடர்ந்து சாப்பிட்டால் சிலருக்குச் சற்றே இலேசாக இருக்கலாம். அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல இன்று எந்த மருத்துவருக்கும் வழியில்லை. இதுவரை நடந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு நான் வந்து சேர்ந்த இடம் இது. ஆனால் அந்த இடத்துக்கு வரும் வழியில் பார்த்தவை, இந்த முடிவைவிட முக்கியமானவையாக எனக்குப் படுகின்றன.

குடலைச் சீராக்கினால் மனம் சீராகும் என்ற எண்ணம் நூறாண்டுக்கு முன்பே ஒருமுறை ஐரோப்பாவை ஆட்டிவைத்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இலியா மெச்னிகாஃப், நோய் எதிர்ப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவர். பெருங்குடலில் உணவு அழுகி நஞ்சாகிறது, அந்த நஞ்சுதான் முதுமையை விரைவுபடுத்துகிறது, புளித்த பாலில் உள்ள பாக்டீரியா அதைத் தடுக்கும் என்று அவர் நம்பினார். பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் குடிக்கும் புளித்த பாலே காரணம் என்றார். தானும் நாள் தவறாமல் குடித்தார். பாரிஸில் பாக்டீரியா மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. 1910இல் லண்டன் பெத்லம் மனநல மருத்துவமனையில் ஜார்ஜ் போர்ட்டர் ஃபிலிப்ஸ் என்ற மருத்துவர், ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்த 18 பேருக்கு இறைச்சியை நிறுத்திவிட்டு லாக்டிக் பாக்டீரியா கலந்த மோர்த்தண்ணீர்க் கூழைக் கொடுத்தார். 11 பேர் முழுக்கக் குணமடைந்தார்கள் என்று எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க, அதைக் குடிக்காத இன்னொரு பதினெட்டுப் பேரை அவர் வைத்துக்கொள்ளவில்லை. சில ஆண்டுகளில் குடல் நஞ்சுக் கொள்கை செல்வாக்கிழந்தது, மனத்துக்கான மோரும் அதோடு மறக்கப்பட்டது.

வயிற்றுக்கான நுண்ணுயிர் அப்படி மறக்கப்படவில்லை. அந்தக் கதையில் நம்மூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு திசை வருகிறது. 1920களில் ஆன்றி புலார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இந்தோசீனாவில் காலரா பரவிய இடத்தில் இருந்தார். லிச்சி, மங்குஸ்தான் தோலைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு மட்டுப்படுவதைக் கண்டு, அந்தப் பழங்களிலிருந்து ஒரு ஈஸ்டைப் பிரித்தெடுத்தார். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் பிரெஞ்சு அரசு வேலைக்கும் வியாபாரத்துக்கும் சைகோன் போய் வாழ்ந்த காலம் அது. இன்றும் இங்கே சில வீடுகளின் கூடத்தில் சைகோன் ஸ்டூடியோ முத்திரையோடு தாத்தா பாட்டி படம் தொங்குகிறது. அவர்கள் இருந்த நாட்டில் எடுக்கப்பட்ட அந்த ஈஸ்ட், பிரான்சில் மருந்தாகி, உலகம் சுற்றி, இன்று எகோநார்ம் பொட்டலமாக நம் மருந்துக்கடைக்கு வந்திருக்கிறது.

இந்த வகைச் சிகிச்சையில் உண்மை இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கொல்கத்தாவில் 3,758 சிறுவர்களிடம் நடந்த ஆய்வில், யாகுல்ட் பானத்தில் உள்ள பாக்டீரியா வயிற்றுப்போக்கை 14 சதவீதம் குறைத்தது. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளுக்கு லாக்டோபாசிலஸ் பிளாண்டாரம் பாக்டீரியாவையும் அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையையும் ஒரு வாரம் கொடுத்தபோது, இரத்தத்தில் கிருமித் தொற்றும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதத்துக்கு இறங்கின. 2017இல் வெளியான அந்த முடிவைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. இன்ன பாக்டீரியா, இன்ன அளவு, இன்ன குழந்தைகள், இன்ன பலன் என்று நான்கும் அங்கே நிறுத்து அளக்கப்பட்டிருந்தன. பேதி எத்தனை முறை போயிற்று என்று எண்ணலாம், குழந்தை பிழைத்ததா என்று பார்க்கலாம். துணிக்கடைப் பெண்ணின் டென்ஷனை எதை வைத்து எண்ணுவது?

எலிகளிடம் எண்ணினார்கள். 2004இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சூடோ குழுவினர், உடலில் எந்தக் கிருமியும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளை அசைய முடியாமல் ஒரு குழாய்க்குள் அடைத்தார்கள். மற்ற எலிகளைவிட அவற்றின் இரத்தத்தில் அழுத்த ஹார்மோன் மிகுதியாக ஏறியது. குட்டிப் பருவத்திலேயே ஒருவகை பிஃபிடோபாக்டீரியத்தைக் கொடுத்தபோது அந்த மிகை அடங்கியது. 2011இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் லாக்டோபாசிலஸ் ராம்னோசஸின் ஜேபி-1 என்ற ரகத்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். தண்ணீரில் போட்டால் தவித்துச் சோர்ந்துவிடும் எலி இன்னும் சற்று நேரம் நீந்தியது. குடலிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பை வெட்டியதும் அந்தப் பலன் காணாமல் போயிற்று. செய்தி எந்தக் கம்பியின் வழியாகப் போகிறது என்றே காட்டிவிட்ட ஆய்வு அது. 'மனத்துக்கான பாக்டீரியா' என்ற பேச்சு உலகெங்கும் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே கார்க் குழு பிறகு மனிதர்களிடம் வந்தது. நலமாக உள்ள 29 ஆண்கள். நான்கு வாரம் அதே ஜேபி-1, நான்கு வாரம் உள்ளே மருந்தில்லாத வெற்றுக் காப்ஸ்யூல். எது எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது. பனிக்கட்டித் தண்ணீரில் கையை விடச் சொல்லி, பக்கத்தில் ஒருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அவஸ்தையில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். வெற்றுக் காப்ஸ்யூலுக்கும் பாக்டீரியாவுக்கும் வித்தியாசம் இல்லை. எலியிடம் கண்டது மனிதனிடம் வந்துசேரவில்லை என்பதைத் தலைப்பிலேயே சொல்லி 2017இல் வெளியிட்டார்கள். தாங்கள் கொண்டாடிய ரகம் தோற்றதைத் தாங்களே ஊரறியச் சொன்ன அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். கடை அலமாரியில் இருக்கும் பெட்டிகளுக்கு எலியின் கதை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

வேறு ரகங்களுக்குக் கொஞ்சம் நல்ல செய்தியும் உண்டு. பிரான்சில் 2011இல் நலமாக உள்ள 55 பேரிடம் இரண்டு பாக்டீரியா சேர்ந்த கலவையை 30 நாள் கொடுத்துப் பார்த்ததில், மனப் பதற்றத்துக்கான மதிப்பெண்ணும் சிறுநீரில் கார்டிசாலும் குறைந்தன. ஆனால் அதே கலவையை நியூசிலாந்தில் மனம் சோர்ந்திருந்த 79 பேருக்கு எட்டு வாரம் கொடுத்தபோது வெற்றுக் காப்ஸ்யூலைவிட அது எதையும் கூடுதலாகச் செய்யவில்லை. நமக்குப் பக்கத்தில், தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடுத்தர மன அழுத்தத்தில் இருந்த 103 பேரை எடுத்துக்கொண்டு 12 வாரம் பிளாண்டாரத்தின் பி8 ரகத்தைக் கொடுத்தார்கள். 42 வரை போகக்கூடிய அழுத்த மதிப்பெண்ணில் சராசரியாக மூன்று புள்ளி அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது. கார்டிசாலில் நிச்சயமான வித்தியாசம் கிடைக்கவில்லை. 2020இல் ஏழு ஆய்வுகளை, மொத்தம் 1,146 பேரை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தவர்களுக்கும் இதே சித்திரம்தான் கிடைத்தது: தங்கள் அழுத்தம் குறைந்ததாக ஆட்கள் சொல்கிறார்கள், ஆனால் கார்டிசாலில் மாற்றம் தெரியவில்லை.

ரகம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொன்னியும் சீரகச் சம்பாவும் அரிசிதான். பொன்னியை உலையில் போட்டுவிட்டுச் சம்பாவின் மணத்துக்குக் காத்திருக்க முடியாது. பினாங்கில் பலன் தந்தது பி8. பெட்டியில் வெறுமனே லாக்டோபாசிலஸ் பிளாண்டாரம் என்று போட்டிருந்தால், அது அந்த ஆய்வின் பாக்டீரியா என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. எண்ணிக்கையும் அப்படித்தான். காப்ஸ்யூலுக்கு 500 கோடி உயிர்கள் என்று படிக்கும்போது மலைப்பாக இருக்கும். ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஏழாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வாழும் ஊருக்குள் ஒருவர் புதிதாக வந்து இறங்குவதற்கு அது சமம். பெரும்பாலும் அவர் தங்கவும் மாட்டார். சாப்பிடுவதை நிறுத்திய சில நாட்களில் வெளியேறிவிடுவார். யூடியூபில் அடிக்கடி வரும் இன்னொரு பேச்சு, மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரடோனின் என்ற வேதிப்பொருளில், உடலில் உள்ளதில் 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது என்பது. அது உண்மைதான். ஆனால் அந்தச் செரடோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இந்த இரண்டாவது பாதியை எவரும் சொல்வதில்லை.

தீங்கில்லையே, சாப்பிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நலமாக உள்ளவர்களுக்குப் பெரிய தீங்கு இல்லை, வயிறு கொஞ்சம் உப்பும், அவ்வளவே. ஆனால் எல்லாருக்கும் அப்படி இல்லை. நெதர்லாந்தில் கடும் கணைய அழற்சி நோயாளிகளுக்கு இவற்றைக் கொடுத்த ஆய்வில் இறப்பு 6 சதவீதத்துக்குப் பதில் 16 சதவீதமாக உயர்ந்தது. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர், எதிர்ப்புச் சக்தி குன்றியவர் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

இனி இந்த மதிப்பெண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு வருகிறேன். மன அழுத்தத்தை அளக்க உலகெங்கும் புழங்கும் கேள்வித்தாள்களில் ஒன்று, 1983இல் அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் சகாக்களும் உருவாக்கியது. அதன் பத்துக் கேள்வி வடிவம்தான் இன்று அதிகம் பயன்படுகிறது. கடந்த ஒரு மாதத்தில் எதிர்பாராத ஒன்று நடந்து எத்தனை முறை கலங்கிப்போனீர்கள்? முக்கியமான காரியங்கள் கையை மீறிப் போவதாக எத்தனை முறை தோன்றியது? செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடிக்க முடியவில்லையா? கஷ்டங்கள் தலைக்கு மேல் குவிந்துவிட்டதாக நினைத்தீர்களா? ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம், மிக அடிக்கடி என்றால் நான்கு. சிலவற்றுக்குத் தலைகீழாக. மொத்தம் 40.

இந்தத் தாளை நான் பலமுறை படித்திருக்கிறேன். வயிறு, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு எதுவும் அதில் இல்லை. முழுத்தாளும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது: உன் வாழ்க்கை எந்த அளவுக்கு உன் கையில் இருக்கிறது? அந்தப் பெண்ணிடம் இதைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் என்ன எழுதுவார் என்று நினைத்துப் பார்த்தேன். காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்கிற வேலை என்றால் எதிர்பாராததைச் சமாளிக்க அவர் கையில் நேரம் ஏது? சனி ஞாயிறுகளில் ஊருக்குள் வண்டிகள் நுழைந்து, வீட்டுக்குப் போகும் பஸ் ஒரு மணி நேரம் நகராமல் நிற்கும்போது, அது அவர் கையில் உள்ள காரியமா? வாடகை ஏறுவது? அவருடைய மதிப்பெண் மூன்று புள்ளி குறைவது நல்லதுதான். தூங்கி எழுந்தவருக்கு அந்த மூன்று புள்ளி பெரிய ஆறுதலாகவும் இருக்கலாம், அதை நான் இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் மீதி இருபத்தைந்தோ முப்பதோ எங்கிருந்து வருகிறது என்று கேட்காத வைத்தியம் அரைகுறை வைத்தியம்.

புதுச்சேரிக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. 1936 ஜூலை 30 அன்று, சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது எட்டு மணி நேர வேலை. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவும் தோழர்களும் விடாமல் போராடி, 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைக்கும் சங்கம் வைக்கும் உரிமைக்கும் சட்டம் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30இல் தொழிற்சங்கங்கள் மாலை போடுவது இந்தப் பன்னிரண்டு பேருக்குத்தான். மன அழுத்தம் என்ற சொல் அன்று மில் தொழிலாளிக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தன் கையில் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கோஹனின் தாளில் உள்ள பத்துக் கேள்விகளும் அந்த ஒரு கோரிக்கைக்குள் அடங்கும். எட்டு மணி நேரச் சட்டம் எத்தனை ஆயிரம் பேரின் தூக்கத்தை மீட்டிருக்கும்! அதற்கு இணையாக ஒரு பாக்டீரியா வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த மில்கள் இன்று இல்லை; ஏஎஃப்டி மில்லும் 2020இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் கடைகளிலும் ஓட்டல்களிலும் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையத் தொழிற்பேட்டைகளிலும் ஒப்பந்தத்தில் நிற்கிறார்கள். 'நிற்கிறார்கள்' என்பதை உள்ளபடியே சொல்கிறேன். கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று பக்கத்துத் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான்.

குடலைக் கவனிப்பதில் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கார்க் நகரத்தாரே இன்னொன்று செய்து பார்த்தார்கள். 45 பேரில் ஒரு பகுதிக்கு மாத்திரை எதுவும் இல்லாமல் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தார்கள்: புளிக்கவைத்த உணவு, முழுத் தானியம், பருப்பு வகை, வெங்காயம், முட்டைக்கோஸ். மற்றவர்களுக்குப் பொதுவான உணவு ஆலோசனை மட்டும். நான்கு வாரத்தில் முதல் குழுவின் அழுத்த மதிப்பெண் 32 சதவீதம் குறைந்தது. இரண்டாவது குழுவுக்கும் 17 சதவீதம் குறைந்தது. இந்தப் பதினேழை நான் அதிகம் யோசிக்கிறேன். அவர்களுக்குக் கிடைத்தது, ஒருவர் எதிரே உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறாய், எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தது. விசாரித்ததாலேயே குறைந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் விசாரிப்புக்குப் பங்கிருக்கிறது என்று நம்புவதில் எனக்குத் தயக்கமில்லை.

அந்தச் சாப்பாட்டுப் பட்டியலைப் படித்ததும் நம் ஊர்க் காலை நினைவுக்கு வந்தது. இரவு மீந்த சோற்றில் அது மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடிவைத்தால், விடியும்போது மேலே மெல்லிய நுரை கட்டி, மூடியைத் திறந்ததும் இலேசான புளிப்பு மணம் மூக்கைத் தொடும். கல்லுப்பு போட்டுக் கையால் பிசைந்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, வைத்திக்குப்பத்திலும் வம்பாக்கீரப்பாளையத்திலும் முதல்நாள் மீன்குழம்போடு சாப்பிடுவார்கள். கொதிக்காத, உயிருள்ள உணவு. இட்லி மாவிலும் அதே வகைப் பாக்டீரியாக்கள் உண்டு, ஆனால் ஆவியில் வெந்ததும் அவை செத்துப்போகின்றன. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜீவரத்தினத்தின் குழு, நம் இட்லி மாவிலிருந்து பிளாண்டாரம் ரகங்களைப் பிரித்தெடுத்து, இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் அவை தாங்குமா என்று சோதித்து 2012, 2013 ஆண்டுகளில் எழுதியிருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோற்றின் பலனை ஆராய்ந்திருக்கிறார்கள். இவையெல்லாம் வயிற்றைப் பற்றிய ஆய்வுகள். நீராகாரம் டென்ஷனைக் குறைக்கும் என்று எவராவது மேடையில் பேசினால் அதற்கும் ஆதாரம் கேட்க வேண்டும்; நம்முடையது என்பதற்காகத் தராசை மாற்றக் கூடாது. பழைய சோறு நல்ல உணவு, செலவில்லாத உணவு. காப்ஸ்யூலுக்குக் கொடுக்கிற காசில் ஒரு மாதம் வீட்டுக்கே பாண்லே தயிர் வாங்கலாம். அதற்கு மேல் நான் அதன்மேல் எதையும் ஏற்ற மாட்டேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க மனம் வரவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் இந்தியாவில் லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். புதுச்சேரியில் 29.7. நாட்டிலேயே மிக அதிகமான இடங்களில் இந்தச் சின்ன ஊர் ஆண்டுதோறும் வருகிறது. அன்றாட அழுத்தத்துக்கும் நோய்க்கும் நடுவே உள்ள கோடு ஒருவர் கவனிக்காமலே தாண்டிவிடக் கூடியது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவர் பாக்டீரியாவுக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்துக் காத்திருந்தால், அந்த மாதம் அவருக்கு ஆபத்தானது. அவர் போக வேண்டிய இடம் ஜிப்மர், அரசுப் பொது மருத்துவமனை போன்ற இடங்களின் மனநலப் பிரிவு. நேரில் போகக் கூச்சமாக இருந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே கூப்பிடலாம், செலவில்லை. மருந்துக்கடையில் அந்தப் பெட்டி இருக்கும் அலமாரியில் இந்த எண்ணையும் ஒட்டிவைக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. பாக்டீரியாவா, வேலை நேரமா என்ற கேள்விக்கான ஆய்வைப் புதுச்சேரியிலேயே செய்யலாம். காலாப்பட்டில் நம் மாவிலிருந்து எடுத்த ரகங்கள் இருக்கின்றன. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. அழுத்தத்தையும் யோகத்தையும் 2008இலிருந்து அளந்து பார்க்கும் ஒரு மையமும் அதற்குள் இயங்கியிருக்கிறது. இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களை மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு இட்லி மாவுப் பாக்டீரியா, ஒரு குழுவுக்கு வெற்றுக் காப்ஸ்யூல். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கொடுக்காமல், தொடர்ந்தாற்போல் வரும் இரவுப் பணியை மட்டும் பாதியாகக் குறைத்து, விடுப்பு நாளை மாற்றாமல் காப்பாற்றித் தர வேண்டும். பன்னிரண்டு வாரம் கழித்து மூன்று குழுவினரிடமும் அந்தப் பத்துக் கேள்வித் தாளைக் கொடுக்க வேண்டும். முதல் குழுவின் செலவை ஏற்கக் காப்ஸ்யூல் நிறுவனங்கள் வரிசையில் நிற்கும். மூன்றாவது குழுவுக்கு அரசுதான் கூடுதல் செவிலியர்களை நியமிக்க வேண்டும். அந்தக் கோப்பை யாராவது ஒருவர் தலைமைச் செயலகத்துக்கு எடுத்துப் போக வேண்டும்.